நின்றால் குற்றம், உட்கார்ந்தால் குற்றம்

கே: இங்கிலாந்து பப்புகளுக்கு ‘சிவப்புச் சிங்கம்’, ‘வெள்ளை மான்’ என்றெல்லாம் பெயர் வைக்கிறார்களே, ஏன்?
- வாசகர், புதுச்சேரி

ப: 1393-இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னர், மது விற்கிறவர்கள் வாசலில் அடையாளப் பலகை தொங்கவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். சரக்கைச் சோதிக்க வரும் அதிகாரிக்குக் கடை தெரிய வேண்டுமே! எழுத்துத் தெரியாதவர்களுக்காகப் பலகையில் படம். வெள்ளை மான் அந்த மன்னரின் சொந்தச் சின்னம். நம்மூர் அரசு மதுக்கடையில் மானுமில்லை, சிங்கமுமில்லை. கடை எண் மட்டும்தான்.

கே: நமக்கு அப்படிப் பாரம்பரியமே கிடையாதா?
- வாசகர், திண்டிவனம்

ப: உங்கள் ஊர்ப்பக்கத்து அரசன் நல்லியக்கோடனையே மறந்துவிட்டீர்களே! அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் வருகிறது. அது மரக்காணம் பக்கம் என்பார்கள் அறிஞர்கள். அலை ஒதுக்கிய வாசனைக் கட்டையில் தீ மூட்டி, நுளையர் (மீனவர்) வீட்டுப் பெண் வடித்த பழந்தேறலும் (முதிர்ந்த கள்) சுட்ட குழல் மீனும் வழிப்போக்கரான பாணர்களுக்கு வீட்டுக்கு வீடு கிடைக்குமாம். பில் வந்ததாகப் பாட்டில் இல்லை.

கே: அந்தக் காலம் திரும்புமா?
- வாசகர், அனுமந்தை

ப: தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தவர்களின் வீடுகளைத் தாண்டித்தான் இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டும். இதில் வேடிக்கை பேச எனக்கு மனமில்லை.

கே: பப்பில் அப்படி என்னதான் வசீகரம்?
- வாசகி, மரக்காணம்

ப: பீகாரில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் தன் கனவு பப்பைப் பற்றி எழுதினார். அங்கே வருகிறவர்கள் பீருக்கு எவ்வளவு வருவார்களோ, அவ்வளவு பேச்சுக்கும் வருவார்கள். ஆளுக்கு ஒரு வழக்கமான இடம். பரிமாறுகிறவருக்குப் பெரும்பாலானவர்களின் பெயர் தெரியும். கடைசியில், அப்படியொரு பப்பே இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். மரக்காணத்துக்கு வந்திருந்தால், உப்பளத்துக்குப் போகிறவர்களுக்காக விடியுமுன் அடுப்பு மூட்டும் டீக்கடையைக் காட்டியிருக்கலாம். பெஞ்சு, பேப்பர், அரசியல், கடன் நோட்டு எல்லாம் உண்டு.

கே: அந்த பெஞ்சில் நாங்கள் உட்கார முடியுமா?
- அதே வாசகி

ப: வசமாக மாட்டிக்கொண்டேன். லண்டனில் எல் வினோ என்ற மதுக்கடையில், பெண்கள் பாரில் நின்று குடிக்கக் கூடாது, உள்ளே போய் உட்கார வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். அது சட்டவிரோதம் என்று 1982-இல் நீதிமன்றம் சொன்னது. அங்கே பெண்களை நிற்க விடவில்லை. இங்கே உட்கார விடுவதில்லை. உப்பு சுமந்த காலுக்குத்தான் முதலில் பெஞ்சு வேண்டும். இதற்கு வழக்கெல்லாம் எதற்கு? அண்ணன்மார்களே, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.