‘ஏன்’ என்னும் தமையன்

தலைப்பிள்ளையைக் குறிக்க ஆங்கிலேயர் ஒரு காலத்தில் வழங்கிய சொல்லொன்று உண்டு. ஈ, ஐ, ஜி, என், ஈ என்று ஐந்து எழுத்துகளைச் செலவிட்டு அதை எழுதிவிட்டு, வாசிக்கும்போது வெறுமனே ‘ஏன்’ என்பார்கள். நம் செவிக்கு அது கேள்வியாகப் படுவது தற்செயலே ஆயினும், தகப்பனுடைய நிலம் முழுவதும் மூத்தவனுக்கே போய்ச் சேர்ந்த அந்த நாட்டில், வெறுங்கையோடு நின்ற தம்பிமார் கேட்டிருக்கக்கூடியதும் அதுவே ஆகையால், இதைச் சாஸ்திரீயமான பொருத்தமென்று கொள்வதில் யாருக்கும் ஆக்ஷேபம் இராது.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை ஜயித்த பின் நியாயஸ்தலங்களில் வேரூன்றிய பிரெஞ்சு மொழியில், ‘முன்னே பிறந்தவன்’ என்ற தொடர் தேய்ந்து தேய்ந்து இந்தச் சொல்லாயிற்று. ‘பின்னே பிறந்தவன்’ என்ற தொடர் தேய்ந்ததோ ‘பியூனி’ என்னும் தம்பி. தமையனிடம் ‘ஜி’யும் தம்பியிடம் ‘எஸ்’ஸும், பந்தியில் உட்கார்ந்தும் இலையைத் தொடாத சம்பந்திகளைப் போல, எழுத்தில் இருந்துகொண்டு ஒலியில் கலவாதிருப்பதால், மௌனம் இக்குடும்பத்தின் பரம்பரைக் குணம் என்பது நிரூபணமாகிறது.

சகோதரர் இருவரையும் ஒருசேரக் காண விரும்புவோர், பதினைந்தாம் நூற்றாண்டு லிட்டில்டன் எழுதிய நிலவுரிமை நூலையும், அதற்கு எட்வர்ட் கோக் 1628-இல் வெளியிட்ட பாஷ்யத்தையும் புரட்ட வேண்டும். விவாகத்துக்கு முன் ஒரு மகன், பிறகு அதே ஸ்திரீயை முறைப்படி மணந்து இன்னொரு மகன் என்று ஒருவனுக்கு அமைந்தால், முன்னவன் ‘பாஸ்டர்டு ஏன்’. பின்னவன் ‘முலியர் பியூனி’, அதாவது மனைவி வயிற்றில் பிறந்த இளையவன். ஆஸ்திக்கு உரியவன் இளையவனே. ஆனால் தகப்பன் இறந்ததும் மூத்தவன் நிலத்தில் இறங்கி, ஆயுள் முழுதும் தடையின்றி அநுபவித்து, அது தன் பிள்ளைக்கு இறங்கும்படி கண்ணை மூடிவிட்டால், அதன்பின் இளையவனும் அவன் சந்ததியும் என்றைக்கும் வாய் திறக்க முடியாது! ஆண் வாரிசு இல்லாத வீட்டில் சகோதரிகள் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள, முதற்பங்கைத் தேர்ந்தெடுக்கும் சலுகை மூத்தவளுக்கு இருந்தது. அவளே பங்கு பிரித்தாலோ, அவள் கடைசியில்தான் எடுக்க வேண்டும். அதிரசம் பங்கு போட்ட எந்தத் தாயும் லிட்டில்டனைப் படிக்காமலே அறிந்த நியாயம் இது.

இனிச் சொற்களின் கதிக்கு வருவோம். தமையன் சட்டப் புத்தகத்தை விட்டு வெளியே வராமலே மெலிந்து போனான். தம்பியோ, பிரதம நீதிபதிக்கு அடுத்த நீதிபதிகளின் பட்டமாகக் கடல் கடந்து, 1801-இல் ஏற்பட்ட சென்னை சுப்ரீம் கோர்ட்டிலும் ஆசனம் போட்டு உட்கார்ந்தான். (நீதிபதியாகிய ‘பியூனி’க்கும், கதவருகே நிற்கும் ‘பியூ’னுக்கும் உறவில்லை, பின்னவர் காலாள் என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழியில் வந்தவர். இருவரையும் குழப்பிக்கொள்வது கோர்ட்டுக்குள் உசிதமன்று.) இதே சொல் உச்சரிப்பின்படி எழுத்து மாறி, இளையவன், ஆகவே சிறியவன், ஆகவே நோஞ்சான் என்று படிப்படியாகப் பொருள் இறங்கி, இன்றும் ஆங்கிலேயர் வாயில் நடமாடுகிறது.

மூத்தவனுக்கே நிலமென்ற பழைய விதியும் 1926 ஜனவரி முதல் தேதியோடு இங்கிலாந்தில் ஒழிந்தமையால், ‘ஏன்’ தன் உரிமையைக் கேட்டு இனி வழக்காடுவது துர்லபம். கோர்ட்டிலும் தெருவிலும் இளையவன் நெடுங்காலம் அநுபவித்து, நோஞ்சான் பிள்ளைக்கும் ஆஸ்தியை இறக்கிவிட்டான். எனினும் மனுப் போட்டே தீருவேனென்று மூத்தவன் பிடிவாதம் பிடித்தால், அவன் தரப்பில் கூண்டேற்றக்கூடிய ஒரே சாட்சி அந்த ‘ஜி’. அதுவோ இதுநாள் வரை வாய் திறந்ததில்லை.