அதியமானின் அப்பா

எங்கள் அடுக்ககத்தில் செயலாளர் இருக்கிறார், பொருளாளர் இருக்கிறார், தண்ணீர் லாரி வராத நாளில் மட்டும் ஊரில் இல்லாத துணைத்தலைவர் இருக்கிறார். இவர்களைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்தோம். நாய் பூனைகளுக்கான இயற்கை ஆலோசகரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, தானாக முளைத்தவர். மடிப்பாக்கமோ மதுரையோ, நூறு வீடு சேர்ந்த கட்டடத்தில் இப்படி ஒருவர் இல்லாமல் இருக்கமாட்டார். லிஃப்டில் நம்மோடு ஏறுவார். நம் கையிலிருக்கும் நாய்க்குட்டியின் கண் இமையை இழுத்துப் பார்ப்பார். "பாக்கெட் சாப்பாடா?" என்பார். நான்காவது மாடி வருவதற்குள் நாம் குற்றவாளி.

நம்மவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கேஸ் புத்தகத்தில் இருக்கிறது. கூரியர்காரர் உட்பட எல்லோருக்கும் அவர் 'அதியமான் அப்பா'. அதியமான் அவருடைய நாய். மனிதப் பிள்ளையும் ஒன்று உண்டு, எட்டாவது படிக்கிறான், நூடுல்ஸில் வளர்கிறான். காட்டுயானம் அரிசி, நாட்டுக்கோழி ஈரல், செக்கில் ஆட்டிய எண்ணெய் எல்லாம் அதியமானுக்கு. ஒருநாள் பையன் சமையலறை வாசலில் நின்று, "அவன் சாப்பிட்டு மிச்சம் இருந்தா எனக்குப் போடும்மா" என்று கேட்டதாக வேலைக்கு வரும் அக்கா சொன்னார். நான் நம்புகிறேன்.

சங்ககாலப் பெயர், மரபு அரிசி, மண்சட்டி என்று எல்லாம் கச்சிதமாகப் போய்க்கொண்டிருக்க, ஓரிடத்தில் உதைக்கும். அதியமான் ஒரு சைபீரியன் ஹஸ்கி. வடகிழக்கு சைபீரியாவில் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த இனம்; உடம்பில் இரண்டடுக்கு ரோமம். கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை, ராஜபாளையம் என்று இந்த வெயிலைத் தாங்கியே பழகிய நாட்டு நாய்கள் இருக்கையில் இதெதற்கு என்று கேட்டேன். "கண்ணைப் பாருங்க சார். நீலம்!" என்றார். அந்த நீலத்துக்காக மாசியில் போடும் ஏசியை ஐப்பசியில்தான் அணைக்கிறார்கள். இயற்கை வாழ்வின் கரண்ட் பில்லைக் கட்டுவது அவர் மனைவி.

அந்த அம்மாள் அதிகம் பேசமாட்டார். ஆனால் அதியமானுக்கு மலை நெல்லிக்காய் கொடுக்க நம்மவர் ஒரு மண்டலம் பாடுபட்டபோது, நாய் அதை முகர்ந்துவிட்டு மூக்காலேயே தள்ளிவிட்டதைப் பார்த்து, "பேரை வெச்சா போதுமா? அதியமான் நெல்லிக்கனியைக் கொடுக்கிறவன், தின்னுறவன் இல்லை" என்றார். அவர் தமிழாசிரியை.

நம்மவர் சொல்வதில் உண்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2007இல் சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்து, அமெரிக்காவில் ஏராளமான நாய் பூனைகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாகத் தீனியைத் திரும்ப எடுத்தார்கள். நம்மவர் அதை ஒரு நாளைக்கு ஒருமுறையாவது சொல்வார். அவித்த கோழி, முட்டை, கொஞ்சம் பூசணி, கொஞ்சம் சோறு என்று வீட்டில் சமைத்துப் போடுவதிலும் தப்பில்லை. நாய் ஓநாயிலிருந்து பிரிந்து மனிதனோடு ஒட்டிக்கொண்ட காலத்தில், மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவைப் பல மடங்காகப் பெருக்கிக்கொண்டது. சோறு அதற்கு ஆகும். வெறும் இறைச்சியாகப் போட்டால்தான் சுண்ணாம்புச்சத்து போதாமல் எலும்பு பலவீனமாகும். இந்த இடம் வரும்போது நம்மவருக்கு போன் வந்துவிடும்.

அவருடைய பெரிய ஆதாரம் ஆத்தா வீட்டு மணி. "எங்க ஆத்தா வீட்ல மணினு ஒரு நாய் சார். பழைய சோறு, குழம்பு மிச்சம், கருவாட்டுத் தலை. ஊசியா, மாத்திரையா? இருபத்தஞ்சு வருஷம் இருந்துச்சு!" இந்த மணியை எனக்கும் தெரியும். எங்கள் ஊரிலும் இருந்தது. அநேகமாக எல்லா ஊரிலும் இருந்தது. ஒரு மணி லாரியில் அடிபட்டால் அடுத்த வாரம் இன்னொரு குட்டி வரும். அதற்கும் மணி என்றே பெயர். மூன்றாவது மணி கழுத்தில் முதல் மணியின் கயிறு கிடக்கும். கூட்டிப் பார்த்தால் இருபத்தைந்து வருஷம் சரியாகத்தான் வரும். அந்த மணிகளில் எத்தனை எதனால் செத்தன என்று எந்த ஆத்தாவும் எழுதி வைக்கவில்லை. குழம்பு மிச்சத்தில் வெங்காயம் இருந்தது. நாயின் சிவப்பணுக்களை உடைப்பது. புளி இருந்தது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று மருத்துவர்கள் இப்போது சந்தேகிக்கிறார்கள். அந்த அமிலம் நம் புளியில் தாராளமாக இருக்கிறது.

வெங்காயத்தின் அண்ணன் பூண்டு. உண்ணிக்கு நம்மவர் கண்ட கைமருந்து அதுதான்: தினம் மூன்று பல், நசுக்கி, நெய்யில் வதக்கி. மேலுக்கு வேப்பிலையும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூச்சு. பூச்சுப் படலம் ஞாயிறு காலை மொட்டை மாடியில் நடக்கும். நம்மவர் பனியனோடு அம்மியைத் தள்ளுவார். பையன் வால் பக்கம் பிடிப்பான். அதியமான் வானத்தைப் பார்த்து ஊளையிடும். வெள்ளை ரோமத்தில் மஞ்சள் ஏறி, நாய் ஆடிமாதத்துக்கு நேர்ந்துவிட்டது போல நிற்கும். பிறகு ஒரே உதறல். எதிர் வரிசைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த செயலாளரின் வெள்ளை வேட்டி இன்றைக்கும் வெள்ளையாகவில்லை.

உண்ணி இதையெல்லாம் சுவர் இடுக்கிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். அது முட்டையிடுவது நாயின் மேல் அல்ல. தரை விரிசலிலும் சுவர் வெடிப்பிலும், ஆயிரக்கணக்கில். நம்மவர் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டே இருக்கிறார். அது வீட்டில் குடும்பம் நடத்திக்கொண்டே இருக்கிறது. பூண்டின் கெடுதலும் மறுநாளே தெரிவதில்லை, சில நாள் கழித்துத்தான் ரத்தத்தில் காட்டும். அதற்குள் நம்மவர் இரண்டு பிளாக்குக்கு மருந்து சொல்லி முடித்திருப்பார்.

பூனை ஒன்றும் உண்டு. யாரும் வாங்கவில்லை, மாடிப்படி வழியாக வந்து சோபாவில் உட்கார்ந்துகொண்டது. அங்கவை என்று பெயர் வைத்தார். புரட்டாசி பிறந்ததும் வீட்டோடு அங்கவையும் சைவம்; பூசணிக்காய் கூட்டும் தயிர்சாதமும். நாய் இதைச் சகித்துக்கொள்ளும். பூனையின் உடம்பு இறைச்சிக்கென்றே கட்டப்பட்டது. டாரின் என்ற சத்தைப் பூனை தனக்குப் போதுமான அளவு செய்துகொள்ள முடியாது, இறைச்சியிலிருந்துதான் எடுத்தாகவேண்டும். அது குறைந்தால் கண் போகும். இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பதை 1987இல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு பாக்கெட்காரர்களே டாரினைக் கூடுதலாகச் சேர்த்தார்கள் என்பதை நம்மவரிடம் சொல்லிப் பயனில்லை. ஒரு புரட்டாசியில் ஒன்றும் ஆகிவிடாது. அவர் வருஷம் முழுக்கப் புரட்டாசி நடத்தத் திட்டமிட்டார்.

அங்கவை விவாதத்துக்கு வரவில்லை. மூன்றாம் மாடியில் மீன் பொரிக்கும் நேரம் அதற்குத் தெரியும். ஒருநாள் பாதி தின்ற பல்லியைக் கொண்டுவந்து நம்மவரின் யோகா பாயில் வைத்துவிட்டுப் போனது. பாலில் நாட்டுச் சர்க்கரை கலந்து சமாதானம் பேசினார். பூனைக்கு இனிப்பு தெரியாது. அந்தச் சுவைக்குரிய மரபணு அதற்கும் புலிக்கும் வேலை செய்வதில்லை. தெரியாத இனிப்பு, செரிக்காத பால். பின்விளைவைத் துடைத்தது வேலைக்கு வரும் அக்கா. நல்லவேளை, கொசுவுக்காக நீலகிரித் தைலத்தை அதன் மேல் தடவக் கிளம்பியவரை ஆசிரியை தடுத்துவிட்டார். அதையெல்லாம் முறித்து வெளியேற்றுவது பூனையின் கல்லீரலுக்குக் கைவராத கலை.

தடுப்பூசி என்றால் நம்மவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "எல்லாம் வியாபாரம் சார். இயற்கையே எதிர்ப்புச் சக்தி கொடுக்கும்." வெறிநோய் வந்த நாயையோ மனிதனையோ இயற்கை காப்பாற்றியதாகச் சொல்ல ஆளில்லை, அறிகுறி தோன்றிவிட்டால் கிட்டத்தட்ட மரணம்தான். முழு இயற்கையான தடுப்பூசியும் நம்மிடம் ஒருகாலத்தில் இருந்தது. ஆட்டு மூளையிலிருந்து எடுத்து, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவார்கள். போட்டுக்கொண்டவர்கள் யாரும் அந்தக் காலம் திரும்பவேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இதில் அதியமானின் பாட்டன்மார்கள் வேறு சிரிப்பார்கள். 1925இல் அலாஸ்காவின் நோம் ஊரில் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் பரவியபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பனியில் மருந்தைச் சுமந்து ஐந்தரை நாளில் கொண்டுசேர்த்தவை இந்தச் சறுக்குவண்டி நாய்கள்தாம். ஊசிமருந்துக்காக ஓடியே உலகப் புகழ் பெற்ற குலம். வாரிசுக்கு ஊசி கூடாதாம்.

ஓட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதியமானுக்குக் கிடைக்காத ஒரே இயற்கைப் பொருள் அதுதான். ஒரு பையன் சம்பளத்துக்கு வந்து, ஒரு கையில் கயிறும் மறு கையில் போனுமாக பார்க்கிங்கை ஒரு சுற்று சுற்றி மேலே அனுப்பிவிடுவான். மிச்ச நேரம் பால்கனிக் கம்பி. தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா இதைப் பார்த்து ஒருநாள் கேட்டேவிட்டார்: "தம்பி, எல்லாம் போடுறே. காலையில வெயிலுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் நீயே கூட்டிக்கிட்டுப் போனா என்ன?"

"முழங்கால் வலிக்கா."

"அதுக்கும் பூண்டு சாப்பிடேன்."

அந்த அக்கா தெருநாய்கள் எல்லாவற்றுக்கும் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் போட வைத்தவர். காதில் வெட்டு இல்லாத நாயை அவர் தெருவில் பார்க்க முடியாது. மீந்த சோற்றில் கோழிக்கால் வேகவைத்துப் பிசைந்து போடுவார். அதை அவர் எந்தப் பெயரிலும் அழைப்பதில்லை. நம்மவரோ கருத்தடை இயற்கைக்கு விரோதம் என்கிறார். துணை தேடவும் விடமாட்டார், தகுந்த சம்பந்தம் அமையவில்லையாம். அதியமான் இரவு இரண்டு மணிக்கு ஊளையிடுவது இயற்கைக்குச் சாதகமா விரோதமா என்று சங்கக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

போன கார்த்திகையில் அதியமான் சாப்பாட்டைத் தொடவில்லை. ஈறு வெளிறி, மூக்கில் ரத்தக் கசிவு. வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஆசிரியைதான் தூக்கிக்கொண்டு ஓடினார். நம்மவர் பின்னால் சுக்குக் கஷாயத்தோடு. உண்ணிக் காய்ச்சல். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு நம்மவர் பூண்டு மகாத்மியத்தைத் தொடங்க, இளம் டாக்டரம்மா சீட்டிலிருந்து தலையை எடுக்காமல், "சார், பூண்டுக்கு உண்ணி சாகாது. ரத்தம்தான் சாகும்" என்று சொல்லிவிட்டு டாக்சிசைக்ளின் எழுதினார்.

நாய் பிழைத்தது. நம்மவர் ஒரு வாரம் லிஃப்டில் வாய் திறக்கவில்லை. படிக்கட்டில்கூட இறங்கிப் பார்த்தார். அப்புறம் எங்கோ படித்திருக்கிறார்: டாக்சிசைக்ளின் வம்சத்தின் முதல் மருந்தை 1940களில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்துதான் எடுத்தார்களாம். உண்மைதான். அன்று மாலை என்னை லிஃப்டில் மடக்கினார். முகத்தில் பழைய ஒளி.

"சார், நான் அப்பவே சொல்லலையா? எல்லாம் மண்ணுலதான் இருக்கு. இது இங்கிலீஷ் மருந்தே இல்லை, மண் மருந்து. உங்க குட்டிக்கும் தினம் அரை மாத்திரை போடலாமே, வருமுன் காப்பா?"