வெட்டுப்புள்ளிக்கு அந்தப் பக்கம்

ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் ரிசல்ட் வந்த கையோடு உடப்புசல்லாவை பஸார் பக்கம் போனால் பெனர்கள் தொங்குகின்றன. பிள்ளையின் படம், கீழே புள்ளி, அதற்கும் கீழே இன்னும் பெரிய எழுத்தில் டியூஷன் சேரின் பெயர். எண்பதுகளில் நாங்கள் பாஸ் பண்ணிய செய்தி பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை வாயிலிருந்து கிளம்பி, கொழுந்து மலையில் நிரைக்கு நிரை தாவி, அம்மாவிடம் போய்ச் சேரும்போது மத்தியானமாகியிருக்கும். அந்தியில் ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் யாராவது வந்து தலையைத் தடவிவிட்டுப் போவார்கள், லயமே பாஸ் பண்ணியது மாதிரி.

கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இலேயே நாட்டுக்குக் கிடைத்துவிட்டது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1977 அளவில்தான். அந்த இலவசக் கல்வி ராகலை மலையேறி வர முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது. ஒரே மண்டபம், எல்லா வகுப்புக்கும் ஒரே சேர், எங்கள் எல்லோருக்குமாக ஒரே ஒரு பழைய வினாத்தாள் புத்தகம். ஒருவன் வாசிக்க மற்றவர்கள் மனதுக்குள் விடை தேடுவோம். ‘அடுத்த உருவம் எது?’ என்று வந்தால் படத்தை வாயால் சொல்ல முடியாதே, குப்பி விளக்கைச் சுற்றித் தலைகள் முட்டிக்கொள்ளும், காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். உங்கள் லயத்திலும் அப்படித்தானே?

பிறகு ஹட்டன் ஹைலண்ட்ஸ். 1892இல் மெதடிஸ்த மிஷன் தொடங்கிய பள்ளி. தோட்டத்துப் பிள்ளை தமிழில் கணிதமும் விஞ்ஞானமும் உயர்தரம் வரை படிக்க அந்தக் காலத்தில் மலையகத்தில் திறந்திருந்த சில கதவுகளில் ஒன்று. ராகலை, நுவரெலியா, தலவாக்கலை என்று பஸ் மாறிப் போய், மாமா வீட்டில் தங்கிப் படித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு சேர் பிரயோக கணிதம் எடுப்பார். சாய்தளத்தில் வழுக்கும் துணிக்கை எங்களுக்குப் பிடிபடவில்லை என்றால், மழைநாளில் சரிவில் வழுக்கும் கொழுந்துச் சாக்கைப் பலகையில் வரைந்து, உராய்வு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அம்புக்குறி போடச் சொல்வார். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் ஒரு கணக்கை எழுதிவிட்டு விடை சொல்லாமலே போய்விடுவார். திங்கள் வரை அது எங்களோடு குளிக்கும், சாப்பிடும், படுக்கும்.

இன்று புள்ளியிடும் திட்டமே போனில் வந்துவிடுகிறது. லயத்துக்குக் கரண்ட் வந்ததும், பெண்பிள்ளைகள் உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுப்பதும் எத்தனை பெரிய காரியம்! மனம் பொறுக்காதது ஒன்றுதான். ஏழைப் பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பள்ளியில் இடமும் தர வந்த பரீட்சை, மூன்றாம் ஆண்டிலிருந்தே காசு கட்டிப் பழகக்கூடியவர்களின் ஓட்டப்பந்தயமாகிவிட்டது. வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பத்து வயதுப் பிள்ளை அந்தப் பெனரைத் தாண்டித்தான் கடைக்குப் போய் வரவேண்டும்.

கணக்குக் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நானும் விடை சொல்வதில்லை. “திங்கட்கிழமை வாங்க” என்பேன். படலை தாண்டுமுன்னே போனைத் தட்டுவார்கள். ஒருத்தி மட்டும் ஞாயிற்றுக்கிழமையே வந்து நின்றாள். அவள் போட்டிருந்த வழி, சேர் எங்களுக்குக் காட்டியதைவிட இரண்டு வரி குறைவு.