வெங்காயத்துக்கு எதுக்குடா ஆப்பு?

ஏன்டா கண்ணு, மாடியில ஆஸ்பத்திரியாட்டக் குழாய், மீட்டருன்னு மாட்டி வெச்சிருக்கியே, யாருக்கு ஒடம்பு சரியில்ல? சின்ன வெங்காயத்துக்கா? தண்ணி ஊத்தச் சொல்லிக் கூப்புட ஒரு ஆப்பு வேற இருக்குதாமே. ஆப்பு அதுக்கா, உனக்கா?

விதை கூரியர்ல வந்துச்சாம். உங்கம்மா அடுக்களைக் கூடைய எட்டிப் பாத்தியா? அடியில நாலு காய் முளை விட்டுக் கெடக்குது. அதாண்டா விதை. கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்காரங்க விதை போட்டு வளக்கறதுக்குன்னே கோ 5 ரகம் விட்டிருக்காங்க, இல்லைங்கல. ஏக்கராக் கணக்குல போடறவனுக்குச் செரி, உன்ற நாலு பைக்கு எதுக்கு? எங்காத்தா நட்டதோட வம்சம் இன்னும் என் பட்டறையில கெடக்குது. புடுங்குவோம், திம்போம், கொஞ்சம் ஒதுக்கி வெச்சு மறுக்கா நடுவோம். தீந்தாத்தானே வாங்க?

நடறதுக்கு ஒரு படிப்பா? தலை மண்ணுக்கு மட்டமா எட்டிப் பாக்கோணும். ஒண்ணுக்கொண்ணு நாலு விரக்கடை. நேத்துப் புடுங்கினதை இன்னிக்கு நட்டீன்னா முளைக்காம மொறைக்கும். அது தூங்கி எந்திரிக்கவே ரெண்டு மாசமாவும். பழைய காய்தான் சுறுசுறுப்பு. என்னை வெச்சு அந்தக் கணக்கைப் பாக்காதே.

அப்பறம் தண்ணி. காத்தால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா ஊத்தினியே, போன தடவை பையில கை வுட்டப்ப என்ன வந்துச்சு? தோலு வழுக்கிக் கையோட வந்துச்சு, உள்ள சளியாட்டக் கெடந்துச்சு. அந்த நாத்தத்துக்குப் பக்கத்து ஊட்டுப் பூனைகூட மாடியேறல. மீட்டரு மட்டும் எல்லாம் செரியின்னு காட்டிட்டிருந்துச்சு.

65, 70 நாள்ல தாள் பழுத்து, கழுத்து மடிஞ்சு படுத்துக்கும். தானாப் படுக்கோணும் சாமி. நீ போயி மிதிச்சுல்ல படுக்க வெச்சே! புடுங்கறதுக்கு ஒரு வாரம் முந்தியே தண்ணிய நிறுத்திப்போடோணும். தாளோட புடுங்கி நெழல்ல ஒணத்து. ஒண்ணு நட்ட எடத்துல ஆறேழு காய், கோழிக்குஞ்சாட்ட ஒட்டிக்கிட்டு மண்ணோட வரும். அழுகாம மிஞ்சின அந்த ஒரு கொத்தைப் போயி குழாயடியில கழுவி, டப்பாவுல மூடி வெச்சியே ராசா. போட்டோ நல்லா வந்துச்சாக்கும்?

மூணாம் நாள் சாம்பாருக்கு உங்கம்மா எங்கூட்டுக்குத்தான் வந்தா. ரெண்டு கை அள்ளிக் குடுத்தேன். இப்பக் கூடையில முளைச்சுக் கெடக்கறது அதுல மிஞ்சினதுதான்.