மாட்யூல் மாமணி

எந்த மென்பொருள் அணியிலும் இவர் ஒருவர் இருப்பார். புது புராஜெக்ட் என்றதும் மற்றவர்கள் கிளையன்ட் என்ன கேட்கிறார் என்று விசாரிப்பார்கள். மாமணி மட்டும், "ஃபோல்டர் ஸ்ட்ரக்சர் முடிவாயிடுச்சா?" என்பார். ஆகியிருக்காது. அவர் இல்லாமல் எப்படி ஆகும்?

மத்தியானச் சாப்பாட்டுக்குள் கோர், காமன், பேஸ், ஹெல்பர்ஸ், யூட்டில்ஸ் என்று ஃபோல்டர்கள் முளைத்துவிடும். உள்ளே ஒன்றும் இருக்காது. காலி ஃபோல்டரை கிட் கண்டுகொள்ளாது என்பதால் ஒவ்வொன்றிலும் இனிட் என்று ஒரு காலிக் கோப்பைக் காவல் வைப்பார். பைத்தானில் 2012-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து இனிட் கோப்பு இல்லாத ஃபோல்டரையும் பேக்கேஜாக இம்போர்ட் செய்யலாம். அவருக்கும் தெரியும். "இருக்கட்டும் தம்பி, ஒரு மரியாதைக்கு" என்பார்.

ஒருமுறை கிளையன்ட் கேட்டது அற்ப விஷயம்: தேதியில் நாள் முன்னால் வரவேண்டும், மாதம் பின்னால். புதிதாகச் சேர்ந்த பையன் ஒரே வரியில் எழுதிவிட்டான். மாமணிக்கு உடம்பு கூசியது. அந்த வரி ஃபார்மேட்டர்ஸுக்குப் போனது. அதிலிருந்த சாய்கோடு கான்ஸ்டன்ட்ஸுக்கு. தப்பான தேதி வந்தால் எழவேண்டிய அபயக்குரல் எக்செப்ஷன்ஸுக்கு. கடைசியில் கூப்பிடும் வரி ஒன்று, கூப்பிட அனுமதி வாங்கும் இம்போர்ட் வரிகள் ஏழு.

அந்த ஏழையும் அவர் பார்வையிடும் அழகே தனி. முதலில் பைத்தானோடு வரும் மாட்யூல்கள், அடுத்து வெளியார் எழுதியவை, கடைசியில் நம்முடையவை, நடுவில் ஒரு வெற்றுவரி என்று பெப் 8 விதி சொல்கிறது. ஐசார்ட் என்ற கருவி இதைக் கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடும். மாமணி கையால்தான் செய்வார். கோட் ரிவ்யூவில், "ஓஎஸ்ஸுக்கும் நம்பைக்கும் நடுவே இடைவெளி எங்கே?" என்று கேட்பார். கீழே ஜிஎஸ்டி இரண்டு தடவை கூட்டப்பட்டிருக்கும். அது அவர் இலாகா அல்ல.

எதிர்க்கட்சிக்காரர் ஒருவரும் உண்டு. எதை இம்போர்ட் செய்தாலும் நட்சத்திரக் குறி போட்டு ஒட்டுமொத்தமாக அள்ளுவார். ஓஎஸ் மாட்யூலை அப்படி அள்ளியதில், கோப்பைத் திறக்கும் வழக்கமான ஓபன் போய் அதே பெயரில் வேறொரு ஓபன் வந்து உட்கார்ந்தது. ஃபிளாக்ஸ் எங்கே என்று அது கேட்க, அரைநாள் போனது. அன்று மாமணி முகத்தில் கண்ட பிரகாசத்தை இன்கிரிமென்ட் தினத்தன்றுகூட யாரும் பார்த்ததில்லை.

பிரித்து வைப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. டேவிட் பர்னாஸ் 1972-இலேயே கட்டுரை எழுதினார்: நாளைக்கு எது மாறக்கூடுமோ, அந்த முடிவை ஒரு மாட்யூலுக்குள் ஒளித்து வை என்பது அதன் சாரம். மாமணி அதை மீட்டிங்குக்கு மீட்டிங் மேற்கோள் காட்டுவார். ஆனால் ஒளித்து வைப்பதை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்.

அதனால் வருவதுதான் சர்குலர் இம்போர்ட். பில்லிங் எழுந்திருக்க கஸ்டமர் வேண்டும். கஸ்டமர் எழுந்திருக்க பில்லிங் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. மாட்யூல் பாதிதான் தயாராகியிருக்கிறது என்று பைத்தானும் கையை விரித்துவிடும். ஃபங்ஷனுக்குள்ளேயே இம்போர்ட் போட்டுச் சமாளிக்கலாம். மாமணிக்கு அது கௌரவக் குறைச்சல். இரண்டுக்கும் பொதுவாக மூன்றாவது மாட்யூல் ஒன்றை உண்டாக்குவார். ஒரு மாதத்தில் அந்தப் பொதுவானதும் பில்லிங்கைத் தேடும்.

இத்தனை ஒழுங்குக்கும் நடுவே, எங்கேயும் பொருந்தாததெல்லாம் யூட்டில்ஸில் போய் விழும். அங்கே விழுந்ததை அவராலும் எடுக்க முடியாது.

போன வாரம் ராத்திரி பையன் போன் செய்தான். "அண்ணே, அந்தத் தேதி ஃபங்ஷன் எங்கே இருக்கு?"

"ஃபார்மேட்டர்ஸ்ல பாரு."

"அங்கே ஒண்ணு இருக்குண்ணே. ஹெல்பர்ஸ்ல ஒண்ணு, யூட்டில்ஸ்ல ஒண்ணு. மூணும் நீங்க எழுதினதுதான். எது சரி?"

"மூணும் சரிதான் தம்பி. நீ எதை இம்போர்ட் பண்ணியிருக்கேங்கறதுதான் தப்பு."