கோழிச் சண்டைக்கு ஆறு தாள்

வாலே பேராண்டி, சினிமாப் படிப்பு எந்த மட்டுல இருக்கு? ஸ்டோரிபோர்டு போட டேப்லெட் வாங்கியிருக்கியாம்லா. அதுக்குப் பேனா வேற தனியாம். நல்லது. ஏரு வாங்கியாச்சு, இனி நிலம் ஒண்ணுதான் பாக்கி.

"எனக்குப் படம் வரைய வராது தாத்தா"ன்னு மூக்கால அழுதே. சத்யஜித் ரேக்கு வந்துது. விளம்பரக் கம்பெனியில ஓவியரா இருந்த மனுசன். 1955-ல வந்த 'பதேர் பாஞ்சாலி'க்கு முழுத் திரைக்கதை எழுதாம, மையில தீட்டின படங்களை ஒரு நோட்டுல வெச்சுக்கிட்டுத்தான் தயாரிப்பாளருங்க வாசல் ஏறி இறங்குனாரு. காசு பெயரல. பொண்டாட்டி நகையை அடகு வெச்சாரு. அதை மட்டும் கத்துக்கிடாதே. உனக்கு இன்னும் பொண்ணே பாக்கல.

உனக்கு வட்டம் போட்டா தலை, கோடு கிழிச்சா உடம்பு. யாரு எங்க நிக்கா, எங்கிட்டுப் பாக்கான்னு தெரிஞ்சாப் போதும். காலண்டர்ல கிழிச்ச தாளை எடு. ஒரு ஷாட்டுக்கு ஒரு தாள். வரிசை சரியில்லன்னா சீட்டுக்கட்டா மாத்திக்கோ. 1930-கள்ல டிஸ்னி கம்பெனியிலயும் தாளைப் பலகையில குத்தித்தான் கதையை முன்னபின்ன நகத்துனாங்க.

உன் ஆச்சி கோழியைக் காணோம்னு அடுத்த வீட்டுக்காரியோட மல்லுக்கு நின்னாள்லா, அதைப் போடு. மொதத் தாள்ல ரெண்டு வீட்டு வாசலும் தெரியட்டும். எடுத்த எடுப்புல மூஞ்சிக்கு க்ளோஸ்-அப் வெச்சா, எந்த ஊருச் சண்டைன்னு எவனுக்குத் தெரியும்? அடுத்த தாள்ல அடுத்த வீட்டுக்காரி தோளுக்குப் பின்னாலருந்து ஆச்சி. மூணாவது, ஆச்சி தோளுக்குப் பின்னாலருந்து அவ. ரெண்டு பேரு மூக்கையும் சேத்து ஒரு கயிறு கட்டுனதா நெனச்சுக்கோ. கேமரா அந்தக் கயித்துக்கு ஒரே பக்கம்தான் நிக்கணும். தாண்டிக் குதிச்சியோ, ரெண்டு பொம்பளையும் ஒரே தெசையைப் பாப்பாக. சண்டை போடுறாளுகளா, பஸ்ஸுக்கு நிக்காளுகளா?

நாலாவது, ஆச்சி முந்தானையை இழுத்துச் சொருகுற கை. அஞ்சாவது, ஆச்சி வேலியை நோக்கிப் பாயுறா. அதுக்கு ஒரு அம்புக்குறி. ஆறாவதுதான் டைரக்டரு தாள்: நம்ம வீட்டுப் பஞ்சாரத்துக்கு அடியில ஒரு செவப்புக் கொண்டை. வசனம் கிடையாது.

நாளைக்கு அந்த ஆறு தாளையும் ஆச்சி முன்னால பரப்பு. நீ வாயத் திறக்காதே. அவ வெளக்குமாத்தைத் தேடுனா, நீ பாஸு.