கட்டையை யார் பிடிப்பது?

கேள்வி: கிரைண்டரில் பூட்டுகிற செயின்சோ பார் ஒன்று வாங்கினேன். உண்மையான மெஷினின் விலையோடு பார்த்தால் சும்மா கிடைத்த மாதிரி. கெட்டித்தனம்தானே?
— அன்புவழிபுரம் வாசகர்

பதில்: மிச்சம் பிடித்தது காசை, விட்டுக்கொடுத்தது பிறேக்கை. செயின்சோவின் விலையில் ஒரு பங்கு மரத்தை அரிப்பதற்கு, இன்னொரு பங்கு உங்களை அரியாமல் இருப்பதற்கு. வலது உள்ளங்கை பின்பிடியை அழுத்தாவிட்டால் வேகம் கூட்டவே முடியாது. முன்பிடிக்கு முன்னால் நிற்கிற தடுப்பில் மணிக்கட்டு மோதினால் சங்கிலி அந்தக் கணமே நின்றுவிடும். சங்கிலி அறுந்தால் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு கொளுக்கியும் உண்டு. கிரைண்டருக்கு இவை எதுவும் தெரியாது. அதன் சுவிட்சை ஒருமுறை முன்னே தள்ளிப் பூட்டினால், கைதவறிக் காலடியில் விழுந்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். பாரின் நுனியில் மேற்பாதி ஏதாவது கொப்பில் பட்டால், வாள் முழுவதும் துள்ளி முகத்தை நோக்கித் திரும்பும். அரிகிற சங்கிலி செக்கனுக்கு 20 மீற்றர், அதாவது மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் ஓடக்கூடியது. ஆபத்தை உணர்ந்து கை அசைய ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும்; அதற்குள் நாலு மீற்றர் நீளத்துக்குப் பற்கள் கடந்துவிடும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பிறேக். மனிதரின் சுறுசுறுப்பு அங்கே எட்டாது.

ஏன் இந்தக் குறுக்குவழிகள் பிறக்கின்றன என்பதும் விளங்குகிறது. 2012 குடித்தொகைக் கணக்கெடுப்பிலேயே இலங்கையின் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட வீடுகள் விறகில்தான் சமைத்தன. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக் கரையைக் கடந்தபோது வளவுகளில் மரங்கள் சரிந்தன. 2022இல் காஸ் வரிசை நீண்டபோது, அடுப்பை மறந்திருந்த வீடுகளும் விறகு தேடின. புயலுக்கு முன்பே, 2019இல், செயின்சோக்களைப் பொலிஸில் பதியச் சொன்னார்கள். அந்தப் பதிவு காட்டைக் காக்க வந்தது. கையைக் காக்கிற பொறுப்பை எந்தப் பதிவுப் புத்தகமும் ஏற்கவில்லை. அது வீட்டுக்காரர் தலையில்தான்.

கேள்வி: லேண்ட் மாஸ்டரில் பெல்ட் போட்டு வட்டவாள் ஓட்டுகிறோம். பதினைந்து வருசமாக ஒரு கீறல் இல்லை. வீணாகப் பயமுறுத்துகிறீர்களா?
— ஆண்டாங்குளம் வாசகர்

பதில்: கணக்குத்தான் பயமுறுத்துகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 2,200 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். எஞ்சின் பக்கக் கப்பி வாள் பக்கக் கப்பியைவிட இரண்டு மடங்கு பெரிதென்றால் வாள் 4,400 சுற்றுப் போகும். 60 சென்றிமீற்றர் வாளின் விளிம்பில் ஒரு பல் அப்போது மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீற்றரில் பறக்கிறது. கடையில் வாங்கிய நல்ல வாளின் முகத்தில் தாங்கக்கூடிய அதிகபட்சச் சுற்று பொறித்திருக்கும். பழைய தகட்டில் வெட்டியெடுத்த வாளில் அந்த எண்ணே இருக்காது. எண் இல்லாத வாளை ஓட்டவே வேண்டாம். எண் உள்ள வாளுக்கு முதலில் கப்பியை அளந்து கணக்குப் பாருங்கள்.

பதினைந்து வருச அனுபவத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அனுபவம் வாளைப் பிடித்திருப்பவருக்கு வந்திருக்கிறது. கட்டையைப் பிடித்திருப்பவருக்கு வந்திருக்கிறதா? இந்த ஏற்பாடுகளில் மறு நுனியைப் பிடிக்க நிற்பது பெரும்பாலும் வீட்டுப் பையன். பாலைக் குற்றி மாதிரிப் பாரமான மரம் வெட்டுவாய் மூடி வாளைக் கவ்வும்போது, சுழற்சியின் பலம் முழுவதும் கட்டைக்குப் போகும். கட்டை உருளும், அல்லது எகிறும். பிடித்திருக்கும் கை விடுவதற்குள் கட்டையோடு இழுபட்டுவிடும். மூடியில்லாத பெல்ட் தன் பங்குக்குச் சாரத்தின் நுனியை இழுக்கக் காத்திருக்கிறது. வீட்டுக் கெட்டித்தனத்தை வாளுக்குச் செலவழிக்காமல் கட்டையைப் பிடிக்கும் தாங்கிக்குச் செலவழிக்கச் சொல்கிறேன். வாளை ஆலை செய்யட்டும். தாங்கியை நீங்கள் செய்யுங்கள். அதில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

கேள்வி: பாதுகாப்புக் காற்சட்டை என்கிறார்கள். கச்சான் வெயிலில் அதைப் போட்டால் மரத்துக்கு முன்னே நான் விழுவேன்!
— உப்புவெளி வாசகர்

பதில்: வெயில் உண்மை, ஆனால் தடித்த டெனிம் பாதுகாப்புக் காற்சட்டைக்கு மாற்றாகாது. அந்தக் காற்சட்டைக்குள் இருக்கும் நீண்ட இழைகள் உருவி வந்து பல்சக்கரத்தில் சிக்கிச் சங்கிலியை நிறுத்துகின்றன. டெனிம் வெறுமனே கிழியும். அடிபடுவது பெரும்பாலும் காலும் இடது கையும். ஆகவே உடுப்பை மாற்றாமல் நேரத்தை மாற்றுங்கள்: விடியலில் ஒரு டாங்க் பெற்றோல் தீருமட்டும் அரிந்து நிறுத்துங்கள். செருப்போடு நிற்காதீர்கள். 1990 அம்புலன்சை அழைக்க ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். கைத்தடிமன் இப்பிலிப்பில் கொப்புகளுக்குக் கைவாளே போதும். ஒரு வீட்டு அடுப்புக்கு அதற்குமேல் பெரும்பாலும் தேவைப்படாது.

கேள்வி: சரி, தாங்கி எப்படிச் செய்வது?
— அதே அன்புவழிபுரம் வாசகர்

பதில்: பெருக்கல் குறி போல இரண்டு சோடிக் கால்கள், இடையில் குறுக்குச் சட்டம். குற்றி மேற்கவைகளில் படுக்கும்போது முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் வரவேண்டும். வெட்டு எப்போதும் இரண்டு கவைகளுக்கும் வெளியே விழட்டும்: வெளியே நீட்டிய துண்டு தன் பாரத்தாலேயே வெட்டுவாயைத் திறந்து கீழே விழும். கவைகளுக்கு நடுவே மேலிருந்து அரிந்தால் குற்றி தொய்ந்து வாளைக் கவ்வும். கால்களை இரும்புக் குழாயில் செய்யாதீர்கள். சங்கிலி தவறித் தொட்டால் மரக்கால் கீறுப்படும். இரும்புக்கால் பல்லைத் தெறிக்கவிடும். குற்றியை இறுக்க பழைய சைக்கிள் ரியூப் நல்லது. அதை உள்பக்கமாகக் கட்டி, தொங்கும் நுனியை வெட்டிவிடுங்கள்.